எல்லாப் பகா எண்களுக்கும்

முன்னாள் ஆய்வு மாணவி மதிவதனி வாட்ஸப்பில் அனுப்பியிருந்த ஃப்ளெக்ஸ் மாதிரியைச் சிங்காரவேலு மூன்றாம் முறையாக விரல்களால் அகட்டிப் பார்த்தார். இடப்பக்கம் அவருடைய படம். கல்லூரிக்குத் தர ஆய்வுக்குழு வந்தபோது இரவல் கோட்டு அணிந்து எடுத்தது. கோட்டின் தோள்கள் அவருடைய தோள்களைவிட இரண்டு விரற்கடை அகலமாக நின்றன. வலப்பக்கம், நெற்கதிர்களுக்கு நடுவே மஞ்சள் எழுத்தில், முப்பத்தைந்து ஆண்டு கணிதப் பணி நிறைந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் மு. சிங்காரவேலு அவர்களுக்குப் பாராட்டு விழாவும் ஒருநாள் கருத்தரங்கும் என்றிருந்தது. அதற்குக் கீழே, கட்டம் கட்டி, அவருடைய மூன்றாம் தேற்றம். மயிலாடுதுறையில் தேற்றத்தோடு கூடிய முதல் ஃப்ளெக்ஸ் இதுவாகத்தான் இருக்கும். ‘எல்லாப் பகா எண்களுக்கும்’ என்று அது தொடங்கியது. அந்த மூன்று சொற்களை மட்டும் அச்சகத்தார் அழகுக்காகச் சிவப்பில் போட்டிருந்தார்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது.

“சார், பாத்துட்டீங்களா? பதினோரு மணிக்குள்ள ஓகே சொல்லணும். இல்லேன்னா நாளைக்குக் கெடைக்காது. காதுகுத்து ஃப்ளெக்ஸெல்லாம் வரிசைல நிக்குதாம்.”

“தேற்றம் எதுக்கும்மா? பேரு மட்டும் போதுமே.”

“நல்லா இருக்கே. கல்யாண மாப்பிள்ளை அவன் கூட்டாளிங்க படம் முப்பது போடுறான். நம்ம சாருக்கு ஒரு தேற்றம் போடக் கூடாதா? பிரிண்டர்தான் பயந்துட்டாரு. ‘என்ன மேடம், குலம் குலம்னு வருது, பிரச்சனை ஏதும் ஆயிடாதே’ன்னாரு. அது கணக்குய்யா, தைரியமா அடின்னேன்.”

சிங்காரவேலு சிரிக்க முயன்றார். அந்த மூன்று சொற்களை எடுத்துவிடச் சொல்ல அவருக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. மதிவதனி மறுமுனையில் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். “இருக்கட்டும்,” என்றார். சொன்ன பிறகு, தம் வாழ்வின் தீர்மானங்கள் பலவும் இந்த ஒற்றைச் சொல்லாலேயே எடுக்கப்பட்டவை என்று தோன்றியது.

பீரோவின் அடித்தட்டில், வீட்டுப் பத்திரத்துக்கும் சாவித்திரியின் கூறைப்புடவைக்கும் கீழே அந்த நோட்டு இருந்தது. நகைக்கடை மாதக் காலண்டரைத் திருப்பிப் போட்டு அட்டை இட்ட நீள நோட்டு. அதை உருவி எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தபோது சாவித்திரி வாசலில் நின்றாள்.

“பட்டு வேட்டி மேல்தட்டுல இருக்கு. அங்க என்னத்தத் தேடுறீங்க?”

“கூத்தாநல்லூர் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன். பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர அழைக்கணும்.”

“விழாவ நாளைக்கு வச்சுக்கிட்டா? போன்ல கூப்புட்டா வர மாட்டாங்களாக்கும்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். போனில் அழைக்கலாம்தான். பதினாறு ஆண்டுகளாக அந்த எண் அவரிடம் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு ஹங்கேரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவன் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் இளைஞன். தங்கள் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்றாம் தேற்றத்தைப் பயன்படுத்த முயன்றேன். அறுபத்து நான்கு உறுப்புகள் கொண்ட குலம் ஒன்றில் அது பொருந்தாதது போலத் தெரிகிறது. ஒருவேளை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்னவோ, பொறுத்தருள்க என்று எழுதி, அந்தக் குலத்தின் விவரத்தை இணைத்திருந்தான். இணைப்பைத் திறக்கும் முன்பே அது எந்தக் குலம் என்பது சிங்காரவேலுவுக்குத் தெரியும். அந்தப் பணிவுதான் அவரை அதிகம் சுட்டது.

அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் அந்தத் தேற்றத்தின்மேல்தான் நின்றது. கணிதத்தில் குலம் என்பது சில உறுப்புகளும் அவற்றை இணைக்கும் ஒரு விதியும். முடிவுறு குலம் என்றால் உறுப்புகளை எண்ணி முடித்துவிடலாம். அந்த எண்ணிக்கை ஒரு பகா எண்ணை மீண்டும் மீண்டும் பெருக்கி வருவதாக இருந்தால், மூன்று மூன்றாகவோ ஐந்து ஐந்தாகவோ, அக்குலங்களுக்குத் தனிக் குணம் உண்டு. இருபதுகளில் திருச்சியில் ஒரு நூலக மூலையில் அவற்றோடு பழகத் தொடங்கியவர், முப்பத்து மூன்றாம் வயதில் அவற்றின் உட்குலங்களைப் பற்றி ஒரு தேற்றத்தைக் கண்டுபிடித்தார். ஒன்பது பக்க நிரூபணம். எட்டேமுக்கால் பக்கம் மூன்று, ஐந்து, ஏழு போன்ற ஒற்றைப் பகா எண்களுக்கானது. அதில் ஓட்டை எதுவும் இல்லை, இன்றும் இல்லை. கடைசிக் கால் பக்கத்தில், இரண்டு என்ற ஒரே இரட்டைப் பகா எண்ணுக்காக, ஒரு வரி எழுதினார்: இரண்டுக்கும் நிரூபணம் இதைப் போன்றதே. இந்தத் துறைக்குள் காலெடுத்து வைக்கும் எவருக்கும் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை, இரண்டு மற்றவற்றைப் போல நடந்துகொள்ளாது என்பதுதான். அவரே வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வரியை எழுதிய அன்று அஞ்சல் நிலையம் மூட அரை மணி நேரமே இருந்தது. மனம் தேற்றத்தை ஏற்கெனவே கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டிருந்தது.

திருவாரூரில் இறங்கி மன்னார்குடி பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தபோது கீழ்வேளூரிலிருந்து தங்கையன் கூப்பிட்டார். சிங்காரவேலுவின் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்பவர், பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

“வாத்தியாரே, பேப்பர் பாத்தீங்களா? கடைமடை வரைக்கும் தண்ணி வந்துருச்சுன்னு போட்டுருக்கான். படம் வேற. கலெக்டர் பூத் தூவுறாரு.”

“வரலியா?”

“பேப்பர்ல வந்துருச்சு. வாய்க்கால்ல வரல. நண்டு வளைகூட நனையல. இவனுங்க என்ன பண்றானுங்க, தலைமடையில பாஞ்சுதா, அப்ப கடைமடையிலயும் பாஞ்சிருக்கும்னு எழுதிக்கிறானுங்க. நேர்ல வந்து பாக்குற நாய் ஒண்ணு கெடையாது.” வைக்கப்போனவர் ஏதோ நினைவு வந்து, “நாளைக்கு விழாவாம்ல? சொல்லவே இல்ல பாருங்க. பெரிய மனுசன் ஆயிட்டா கீழ்வேளூரு மறந்துரும்,” என்று சிரித்தார்.

பேருந்து வெண்ணாற்றை ஒட்டித் திரும்பியது. ஆற்றில் கரைக்குக் கரை நீர் போய்க்கொண்டிருந்தது. மடை திறந்த வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கடைமடைக்காரன் வீட்டில் பிறந்தவர் அவர். தலைப்பில் பாய்ந்தது கடைசியிலும் பாயும் என்று எவராவது சொன்னால் அவருடைய அப்பா மண்வெட்டியைத் தூக்கியிருப்பார். அந்தப் பிள்ளைதான் அந்த வரியை எழுதியது. மடியிலிருந்த துணிப்பை மீது கையை வைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பையைப் பார்த்தபோது, திருடியதைக் கொண்டுபோகிறவரைப் போலச் சன்னல் பக்கம் திரும்பினார். திருடியதுதானே.

ஹமீதா பானு அவரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தது 2007இல். கூத்தாநல்லூரிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வருவாள். குறைவாகப் பேசுவாள், ‘போன்றதே’ என்று எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் நின்றுவிடுவாள். அவருடைய தேற்றத்தை விரிவாக்குவதுதான் அவளுக்குக் கொடுத்த தலைப்பு. அதற்கு முன்னால் இரண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன் சார் என்றாள். இரண்டை ஆறு முறை பெருக்கினால் வரும் அறுபத்து நான்கை எடுத்துக்கொண்டாள். அத்தனை உறுப்புகள் கொண்ட குலங்கள் மொத்தம் இருநூற்று அறுபத்தேழு. கணினி நிரல் எதுவும் கல்லூரியில் இல்லை. நூலகத்திலிருந்து நகலெடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கையால் பார்த்தாள். ஒரு குலத்துக்கு அரைப் பக்கம். மேலே, a, b, c என்ற எழுத்துகளில் அக்குலத்தை வரையறுக்கும் சில விதிகள். உட்குலங்களின் படம் பென்சிலிலும் ஸ்கேலிலும். தேற்றம் பொருந்தினால் ஓரத்தில் ஒரு டிக். ஏழு மாதம். இருநூற்றுப் பதினோராவது குலத்துக்கு எதிரே டிக் இல்லை. ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது. அந்த வட்டத்தைக்கூட அவள் அழுத்திப் போடவில்லை.

நோட்டை அவரிடம் கொடுத்தபோது, “நான்தான் எங்கயாவது தப்பு பண்ணியிருப்பேன் சார், பாத்துச் சொல்லுங்க,” என்றாள். நான்காவது நாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. தப்பு அவளுடையது இல்லை. அந்த மாதம்தான் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றின் தொகுப்புக் கட்டுரையில், அடிக்குறிப்பில், அவருடைய பெயரோடு அந்தத் தேற்றம் குறிப்பிடப்பட்டிருந்தது. கல்லூரி முதல்வர் அதை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருந்தார். அவர் நோட்டை மூடி வைத்தார். தாமே இரண்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்துத் தேற்றத்தைத் திருத்திவிட்டு, அதன்பின் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவ்வாறு நினைத்ததாக நினைவிருக்கிறது. மனிதன் தன் நினைவைத் தனக்கேற்றபடி திருத்தி எழுதுபவன் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து அவள் வந்து நின்றபோது அவர் சொன்னது இது: “எங்கயோ இடிக்குதும்மா. திரும்பப் பாரு.” நோட்டு தம்மிடமே இருக்கட்டும் என்றார்.

அவள் திரும்பப் பார்த்தாள். நினைவிலிருந்தும் துண்டுத்தாள்களிலிருந்தும் எல்லாவற்றையும் மறுபடி எழுதி ஒரு வருடம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்ணுக்குக் கீழே கருமை ஏறியதை அவர் பார்த்தார். பிறகு ஒருநாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். “தப்பு கெடைக்கவே இல்ல சார். எனக்கு இதுக்கு மூளை பத்தல போல. உங்க நேரத்தையெல்லாம் வீணாக்கிட்டேன், மன்னிச்சுருங்க.” அவர் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, “பரவாயில்லம்மா,” என்றார்.

அவள் விட்டுப்போன இடத்தில்தான் மதிவதனி சேர்ந்தாள். அவளுக்கு ஒற்றைப் பகா எண்கள் மட்டுமே தலைப்பாகக் கொடுக்கப்பட்டன.

கடைத்தெருவில் விசாரித்ததும் ஒருவர் வீடு வரைக்கும் வந்து காட்டிவிட்டுப் போனார். ‘பானு டியூஷன் சென்டர்’ என்று வாசலில் சின்னப் பலகை. கதவைத் திறந்தவர் அவள் கணவர் ஜெக்கரியா. புருனேயில் பதினொரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, பேருந்து நிலையத்துக்கு எதிரே எழுதுபொருள் கடை வைத்திருப்பவர். பெயரைச் சொன்னதும் அவருடைய முகம் விரிந்தது.

“சிங்காரவேலு சாரா! வாங்க வாங்க, உள்ள வாங்க. பானு, யாரு வந்துருக்காங்கன்னு பாரு. சார், ஃபேனுக்கு நேரா ஒக்காருங்க.”

முன்கூடத்தில் நான்கு நீளப் பெஞ்சுகள், ஒரு வெள்ளைப் பலகை. மேசைமேல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுத் தாள்களின் அடுக்கு. மேலே இருந்த தாளில் ஒரு கணக்கு தவறாக முடிந்திருந்தது. விடையின் குறுக்கே கோடு எதுவும் இல்லை. ஐந்தாம் வரியில், குறி மாறிப்போன அந்த ஒரு இடத்தை மட்டும் சிவப்பு மை சின்னதாக வட்டமிட்டிருந்தது. சிங்காரவேலு அடுத்த தாளையும் பார்த்தார், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் தவறு தொடங்கும் இடத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு வட்டம்.

ஹமீதா பானு முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். “சார்,” என்று நின்றவள், மாணவி நிற்பதைப் போலவே நின்றாள். அவர் இருமுறை சொன்ன பிறகுதான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஜெக்கரியா ரோஸ்மில்க் கொண்டுவந்து வைத்தார். “நாளைக்கு விழாவாமே சார், பேப்பர்ல பாத்தேன். நியாயமாப் பாத்தா எனக்கும் ஒரு சால்வை போடணும் நீங்க.”

“எதுக்கு?” என்றாள் பானு, அவரைப் பார்க்காமல்.

“கேளுங்க சார். நிக்காஹ் முடிஞ்சு மூணாம் மாசம் புருனேக்குப் போயிட்டேன். அங்கேருந்து போன் போட்டா, ‘என்ன பண்றே’ன்னா ‘தப்புத் தேடுறேன்’பா. சோறு பொங்குறப்பவும் அதான், பிள்ளைய தூங்கவைக்கிறப்பவும் அதான். என்னைத் தேடுனதவிட அந்தத் தப்பத்தான் அதிகமாத் தேடுனா. ‘எங்கயோ இருக்குன்னு சார் சொல்லியிருக்காங்க, சார் சொன்னா இருக்கும்’பா. கெடைச்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.” சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துத் தட்டினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. “அஸர் தொழுதுட்டு வந்துடுறேன். சார் போயிடக் கூடாது.”

கல்யாணத்துக்குப் பிறகும் தேடியிருக்கிறாள். ஒரு வருடம் என்று அவர் போட்டு வைத்திருந்த அளவும் தவறு. ரோஸ்மில்க் டம்ளரின் வெளிப்புறத்தில் வியர்த்து வழிந்த நீர் மேசையில் ஒரு வளையமாகத் தேங்கியது. அவர் துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த வளையத்துக்கு அப்பால், ஈரம் படாத இடத்தில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

“ஒரு மெயில் வந்துச்சும்மா. ஹங்கேரியிலேருந்து. அறுவத்து நாலுல உடையுதுன்னு. உன்னோட குரூப்புதான். நீ கண்டுபிடிச்சதுதான் சரி.”

“தெரியும் சார்.”

அவர் நிமிர்ந்தார்.

“கொரோனா சமயத்துல பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ்னு லேப்டாப் வாங்குனோம். அதுல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஒண்ணு எறக்கினேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ, கையக் கழுவிட்டு வந்து அந்தக் குரூப்போட விதி ஏழையும் அடிச்சேன். எண்டர் தட்டின கைய எடுக்குறதுக்குள்ள பதில் வந்துருச்சு. ஃபால்ஸ்னு நின்னுச்சு. தேற்றம் தப்பு, நான் சரி.” சொல்லிவிட்டுத் தேர்வுத் தாள்களின் விளிம்புகளை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். “கண்ணு எரிஞ்சுச்சு. வெங்காயம்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”

“அப்பவே எனக்கு எழுதியிருக்கலாமேம்மா.”

“எழுதத்தான் நெனச்சேன். அதுக்கு முன்ன உங்க மத்த பேப்பரெல்லாம் எடுத்துப் படிச்சேன். ரெண்டாயிரத்து ஒம்பதுக்கு முன்ன எழுதினதுல எல்லாம் ‘p ஒரு பகா எண்’னு ஆரம்பிக்கிறீங்க. அதுக்கப்புறம் அஞ்சு பேப்பர். அஞ்சுலயும் ‘p ஓர் ஒற்றைப் பகா எண்’. ஒண்ணு விடாம.”

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிட்டது. இத்தனை ஆண்டுகளில் எந்த மதிப்பாய்வாளரும் கேட்காத கேள்வி அது. உலகத்தில் அந்த ஒரு சொல்லைக் கவனித்துப் படிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவர் கூத்தாநல்லூரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“சாருக்கு ரெண்டு மேல ஆர்வம் விட்டுப்போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்,” என்றாள். “அப்படி நெனச்சுக்கிறது எனக்கு நல்லதா இருந்துச்சு.”

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். ஆய்விதழுக்கு எழுதிய திருத்தக் கடிதம். மூன்று வாரத்தில் ஒன்பது முறை மாற்றி எழுதியது. இரண்டுக்குத் தேற்றம் செல்லாது என்று ஒப்புக்கொண்டு, எதிரான எடுத்துக்காட்டைத் தந்து, முடிவில் ஹமீதா பானுவுக்கு நன்றி தெரிவித்திருந்தார். அவள் பெயர் கடைசி வரியில் இருந்தது. அதைக் காட்டினால் அவள் முகம் மாறும், அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பேருந்து ஏறலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். இவ்வளவு கணக்கிட்டதற்காகப் பேருந்திலேயே வெட்கப்பட்டும் இருந்தார். வெட்கம் அவரை அதுவரையில் எதையும் செய்யவிடாமல் தடுத்ததில்லை.

அவள் மெதுவாகப் படித்தாள். மேசையிலிருந்து பென்சிலை எடுத்தாள். இரண்டாம் வரியில் நின்றாள். ‘இப்பிழை சமீபத்தில் ஆசிரியரின் கவனத்துக்கு வந்தது’ என்பது அந்த வரி. ஒரு சொல்லின் கீழே மட்டும் கோடிட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

“இது எந்தச் சமீபம் சார்?”

கேட்ட குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு நிரூபணத்தின் நடுவே நின்று, இந்தப் படி எதிலிருந்து வருகிறது என்று கேட்கும் குரல். மூன்று வாரம் என்று சொல்லலாம். மின்னஞ்சல் வந்த தேதியைக் காட்டலாம். அதில் பொய்யே இல்லை. அவள் அதை ஏற்றுக்கொள்வாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அவளே ஐந்து வருடமாக அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள், அவர் வந்து உட்காரட்டும் என்று. அவருடைய பார்வை தேர்வுத் தாளின் சிவப்பு வட்டத்தில் போய் நின்றது.

“நாலாவது நாள்,” என்றார். “நீ நோட்டக் குடுத்த நாலாவது நாள்.”

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று சற்றுப் பொறுத்துத்தான் அவருக்கு விளங்கியது.

“மார்ச் பத்து குடுத்தேன். செவ்வாக்கிழமை. அப்ப வெள்ளிக்கிழமை.” பென்சிலை மேசையில் வைத்தாள், அது உருண்டு நோட்டில் முட்டி நின்றது. “நான் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமாம்மா.”

“எங்கயோ இடிக்குதுன்னு சொன்னீங்க. எங்கன்னு ஒரு எடத்தச் சொல்லியிருந்தா, பொய்யாவே சொல்லியிருந்தாலும், ஒரே நாள்ல பாத்துட்டு ‘அங்க இல்ல சார்’னு வந்து நின்னுருப்பேன். அன்னிக்கு எடம் சொல்லல. இன்னிக்கு நாள் சொல்லாம எழுதிக்கொண்டாந்துருக்கீங்க.”

“மன்னிச்சுரும்மா.”

தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். “பத்திரிகை குடுக்க வந்தன்னிக்கு நான் இதே வார்த்தைய உங்ககிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா சார்?”

“இருக்கு.”

“பரவாயில்லம்மான்னீங்க.” கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் துடைத்தாள். “நான் அப்படிச் சொல்ல மாட்டேன் சார்.”

வாசலில் சைக்கிள்கள் நிற்கும் ஓசை கேட்டது. பள்ளிச் சீருடையில் நான்கைந்து பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே நின்று கிசுகிசுத்தார்கள். அவர் எழுந்தார். கை தன்னிச்சையாக நோட்டை நோக்கிப் போனது. நாளைக்கு மேடையில் அதை எடுத்துக் காட்டலாம் என்றொரு எண்ணமும் அவருக்கு இருந்தது. அவள் அதற்கு முன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இது எங்கிட்ட இருக்கட்டும்.”

தொழுகை முடித்து வந்த ஜெக்கரியா வாசலிலேயே மறித்தார். “என்ன சார், அதுக்குள்ள? நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். முதல் வரிசையில எடம் போட்டு வைங்க.”

“நாளைக்கு டியூஷன் இருக்கு,” என்றாள் பானு உள்ளிருந்து.

“சனிக்கிழமை காலையிலயா? என்னைக்குடி வச்சே?”

பெண்கள் சிங்காரவேலுவைத் தாண்டி உள்ளே போய்ப் பெஞ்சுகளில் இடம் பிடித்தார்கள்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. எட்டுச் சால்வைகள், ஏழாவது சால்வை கழுத்தை அறுக்கிற ஜரிகை. கல்லூரி முதல்வர் பேசினார், முன்னாள் முதல்வர் பேசினார், கணிதத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு தொழிலதிபர் தமக்குக் கணக்கு வராது என்பதை இருபது நிமிடம் பெருமையாக விளக்கினார். ஒவ்வொருவர் கைதட்டலுக்கும் பின்னால் ஃப்ளெக்ஸ் காற்றில் உப்பி அடங்கியது. தங்கையன் கீழ்வேளூரிலிருந்து வந்து மூன்றாம் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சிங்காரவேலு வாயில் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றார். பார்த்தபோதெல்லாம் அங்கே தண்ணீர்ப் புட்டிகளின் பெட்டிகள் மட்டுமே இருந்தன. சட்டைப் பையில் பென்சில் கோடிட்ட தாள் மடிந்திருந்தது. அதைத் திருத்தி எழுதக் காலையில் உட்கார்ந்தார். ‘சமீபத்தில்’ என்பதை அடித்துவிட்டு, அதற்குமேல் எழுத வேண்டிய தேதியை எழுதாமல் குளிக்கப் போய்விட்டார்.

“அடுத்து, சாரோட ஏற்புரை,” என்றாள் மதிவதனி மைக்கில்.

அவர் எழுந்து மைக்கை நோக்கி இரண்டு அடி வைத்தார். பேசினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். குரல் கரகரக்கும், கூட்டம் அதை நன்றியுணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும், தமக்கே தெரியாமல் ஒரு நல்ல வாக்கியம் வந்து விழும், அது ‘சமீபத்தில்’ என்று தொடங்கும். மேடையின் ஓரத்தில் கரும்பலகை இருந்தது. மாணவர்கள் வண்ணச் சுண்ணக்கட்டியால் பூவும் கொடியும் வரைந்து நல்வரவு எழுதியிருந்தார்கள். அவர் மைக்கைக் கடந்து அங்கே போய், துடைப்பானை எடுத்து, பூக்களை அழிக்கத் தொடங்கினார்.

அரங்கம் சிரித்தது. “சார் ரிடையர் ஆனாலும் போர்டு அவங்கள விடாது!” என்றாள் மதிவதனி. கைதட்டல்.

அறுபத்து நான்கு என்று எழுதினார். a, b, c என்று எழுதினார். அவற்றின் கீழே முதல் விதி, இரண்டாம் விதி. எழுத்துகளைப் பானு சாய்த்து எழுதுவாள். அவர் கையிலும் அவை சாய்ந்தே வந்தன. நோட்டு கூத்தாநல்லூரில் இருந்தது. கையில் துண்டுச்சீட்டு ஏதுமில்லை. நான்காம் விதியை முடித்து ஐந்தாவதைத் தொடங்கும்போதுதான், தாம் ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை என்பதை உணர்ந்தார். இதை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வாக்குமூலமும் சொல்லிவிட முடியாது. காது மடல்கள் கொதித்தன. ஏழாம் விதியை எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்து, கண்டுபிடித்தவர் பெயரை எழுதும் இடத்தில் எழுதினார்: ஹமீதா பானு, 10.3.2009.

அதற்கு அடுத்த வரியில் 13.3.2009 என்று தேதியை மட்டும் எழுதினார். இடப்பக்கம் ஒரு பெயருக்கான இடம் காலியாக இருந்தது. சுண்ணக்கட்டி அந்த இடத்தில் பலகையைத் தொட்டு நின்றது. அழுத்தத்தில் அதன் முனையிலிருந்து தூள் உதிர்ந்து ஜரிகை மேல் விழுந்தது. பின்னால் சிரிப்பு ஓய்ந்துவிட்டிருந்தது. மைக் திறந்தே இருந்திருக்க வேண்டும். முதலில் அதில் மதிவதனி தாழ்ந்த குரலில் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருவது கேட்டது. ஏழாவதோடு குரல் நின்றுபோய், பிறகு அரங்கம் முழுவதும் அவள் மூச்சு மட்டும் கேட்டது.